பன்னிரண்டு எழுத்துக்குள்

விளம்பரத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்:
செல்லப்பிராணிகளுக்கு இடமில்லை.
அதைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான்
சமையலறைச் சுவரில் ஈட்டியம்பு எறிந்து பழகிய மூன்று பேரும்,
குளியலறைப் பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்து
அதையும் வாடகை பாக்கியையும் சேர்த்து வளர்த்த
அந்தச் சட்டக் கல்லூரிப் பையனும்.
ஒருவரிடமும் ஒரு பூனைக்குட்டிகூட இல்லை.

ஜூலை. டனீடனில் மழை படுக்கைவாட்டில் பெய்கிற மாதம்.
மூன்று வாரமாக வீடு காலி.
ரேனா பாயேவாய் வந்தாள்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
பக்கத்தில், எலும்புக்கூட்டுக்குச்
சாம்பல் நிறக் கோட்டு மாட்டிவிட்டது போல
ஒரு கிரேஹவுண்ட்.
"பந்தய நாய். ஓய்வு பெற்றுவிட்டான்" என்றாள்
ஏதோ தபால் இலாகாவிலிருந்து என்பது போல.

மலைச்சரிவில் வீடு. வாசலுக்குப் பதினேழு படிகள்.
முதல் படியிலேயே நாய் நின்றுவிட்டது.
"படிக்கட்டு பார்த்ததில்லை இவன்.
கூண்டு, ஓடுகளம், கூண்டு. அவ்வளவுதான்."
கிழவர்களைத் தூக்கிப் பழகிய கை,
முப்பது கிலோவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு
ஏறிப் போனாள்.
சாவி மட்டும் சுமந்து பின்னால் போன எனக்குத்தான்
மூச்சு வாங்கியது.

சரி என்றேன்.
இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்,
மூன்று வார வாடகை போயிருந்தது.
ஒப்பந்தத்தின் ஓரத்தில் கையால் எழுதினேன்:
நாய் ஒன்று. பெயர் பார்லி.
தரைக்கு வாடகைதாரரே பொறுப்பு.

தரை, ரிமு மரம். நூறு வருடப் பலகை.
மண்டியிட்டு நானே இழைத்து மூன்று பூச்சு கொடுத்தது,
'தரையைத் தொட்ட அளவுக்கு என்னைத் தொட்டதுண்டா'
என்று கேட்டுவிட்டு க்ளெனிஸ் கிளம்பிப் போன வருடம்.

மூன்று மாதத்துக்கொரு முறை சோதனைக்குப் போவேன்.
டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால்
கீறல் எல்லாம் எழுந்து நிற்கும்.
எதுவும் எழவில்லை.
நாய் சோபாவில் நான்கு காலும் கூரையைப் பார்க்கத் தூங்கும்.
குரைத்ததாகப் பக்கத்து வீட்டிலும் புகார் இல்லை.
கண்ணாடிக் கதவில் மட்டும், என் தொடை உயரத்தில்,
மூக்கு வைத்து வைத்து மங்கிய ஒரு வட்டம்.
அவள் பேருந்துக்கு இறங்கும் பாதை அங்கிருந்து தெரியும்.
என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தாள்.
கோர் பக்கம், சமதரையில், படியில்லாத வீடாம்.
கடைசிச் சோதனையில் அகப்பட்டது:
சமையலறைச் சுவரோரம்,
பக்கம் பக்கமாக இரண்டு கோடுகள், ஒரு முழ நீளம்.
குனிந்து பார்த்தாள்.
"சமையலறைக்குள் அவன் வரவே மாட்டானே.
வழுக்கும் என்று பயம்."
"நகம்" என்றேன்.
பிணைத்தொகையில் எண்பது டாலர் கழித்தேன்.
வேன் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டாள்.
பதினேழு படியும் அவள் தோளில் இறங்கிய நாய்
என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

மே மாதம் பிரிட்ஜ் பழுதானது.
தனியாக இழுத்தேன்.
அதன் சின்னச் சக்கரங்கள் இரண்டும்
தண்டவாளத்தைக் கண்ட ரயிலைப் போல
அந்தக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்தன.
ஞாபகம் வந்தது.
அவள் வருவதற்கு முந்தைய வாரம்,
பிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஓர் ஈட்டியம்பை எடுக்க
இதே இடத்தில், இதே வசவோடு,
இதை இழுத்தவன் நான்.

இரவு வங்கிக் கணக்கைத் திறந்தேன்.
எண்பது டாலர். பெறுபவர் பெயர். கணக்கு எண்.
குறிப்பு: பன்னிரண்டு எழுத்துக்கு மிகாமல்.

மன்னிப்பு என்று ஆரம்பித்து அழித்தேன்.
தவறுதலாக என்று ஆரம்பித்து அழித்தேன்,
அது பொய்யாக இருந்தது.
பிறகு அடித்தேன்:

கீறியது பார்லி அல்ல

எண்ணிப் பார்த்தேன்.
இடைவெளி இரண்டும் சேர்த்துச் சரியாகப் பன்னிரண்டு.
நான் என்று சேர்க்க
இடமில்லை.