தாமதத்துக்கான காரணம்

ஜூன் முதல் தேதி
விளாங்குடிக் கடையில் நீளமான பதிவேடு ஒன்று வாங்கினேன்.
பால் கணக்கா, சீட்டுக் கணக்கா என்றார் கடைக்காரர்.
பிள்ளைகள் கணக்கு என்றேன், வீட்டிலேயே படிக்கிறார்கள்.
எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு
பென்சில் ஏழை அவராகவே எண்ணி வைத்தார்.

தேதி. பெயர். பாடம். பக்கம்.
முதல் வாரத்தில் சிவப்பு மையில் அடிக்கோடுகூட உண்டு.
கெட்சியாள், இயற்கணிதம், பயிற்சி நான்கு.
ஏனோக், ஒளிவிலகல்.
எப்சிபா, லகர ளகர ழகரம்.
இரண்டாம் வாரம் 'தீத்து, பெருக்கல்' மேல்
சாம்பார்க் கிண்ணம் வட்டமாய் உட்கார்ந்து எழுந்தது.
பிறகு ஆமோஸுக்குப் பல் முளைத்தது.
புதன்கிழமையை முழுதாகத் தின்றான்,
வியாழனில் பாதி.

ஜூலையில் பதினோரு நாள் வெறும் கோடு.
பெராக்காவுக்குத் தண்ணியம்மை,
அவளிடமிருந்து யோவேலுக்கு,
அவன் கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு.
எல்லோரும் தூங்கிய ஓர் இரவில் உட்கார்ந்து
அந்தப் பதினோரு நாளையும் நிரப்பினேன்,
நடந்திருக்கக்கூடிய பாடங்களால்.
கையெழுத்து அழகாகவே வந்தது.
காலையில் கெட்சியாள் புரட்டிப் பார்த்தாள்.
'ஆறாம் பயிற்சி நான் இன்னும் போடலையேம்மா.'
அக்டோபரில் அவளுக்குத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு.
நேற்றுத்தான் அவளை உட்காரவைத்து
பொய் நாவைப் பற்றிப் பேசியிருந்தேன்.

அவர் சரக்கு ரயிலில் கார்டு.
திண்டுக்கல் வண்டியை விட்டிறங்கி
இரண்டு மணிக்கு வீடு வந்தார்.
ஹாலில் நடக்க ஒரு தடம்தான் இருந்தது,
அதிலும் காம்பஸ் முள் குத்திற்று.
ஒற்றைக் காலில் நின்றபடி
நான் அழுததைக் கேட்டார்.
பையிலிருந்து தன் நோட்டை எடுத்துக் காட்டினார்.
புறப்பாடு. சேர்வு. தாமதம்.
கடைசியில் ஒரு பத்தி: தாமதத்துக்கான காரணம்.
சமயநல்லூர், நாற்பது நிமிடம், தண்டவாளத்தில் எருமைகள்.
'லேட்டானா வேலை போகாது, ஜெசிந்தா.
லேட்டாகலைன்னு எழுதினா போயிடும்.'
சொல்லிவிட்டு ஷூவோடு தூங்கிப்போனார்.

மறுநாள் அளவுகோல் தேடினேன்.
அது ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.
தோசைக்கரண்டிக் காம்பால் ஐந்தாவது பத்தி போட்டேன்,
கொஞ்சம் கோணல்.

யோவேல், வாய்ப்பாடு, இல்லை.
காரணம்: துணி காயப்போட மாடிக்கு அனுப்பினேன்.
கூடல்நகர்ப் பக்கம் சரக்கு ரயில் நின்றது.
ஐம்பத்தெட்டு வேகன், ஒன்றுக்கு எட்டுச் சக்கரம்,
நானூற்று அறுபத்து நாலும்மா என்று இறங்கி வந்தான்.
துணி வாளியிலேயே இருந்தது.

எப்சிபா, இலக்கணம், இல்லை.
காரணம்: சமையலறைத் தரையில் கேழ்வரகு மாவால் வைகை.
கரண்டி அணையைத் திறந்துவிட்டாள்.
வெள்ளம் செல்லூரைத் தாண்டி
ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.

தீத்து, வேதப் பாடம், பாதி.
காரணம்: ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேர் தின்ற பிறகு
மீந்த பன்னிரண்டு கூடையை
யார் கழுவினார்கள் என்று கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.
எங்கள் கூடைகளைப் பார்த்தேன்.

ஏனோக்கின் பத்தியில் மூன்று நாளாக ஒரே வார்த்தை:
சும்மா.
அதையும் அப்படியே எழுதினேன்.

ஆயர் வீடு சந்திக்க வந்தார்.
நாற்காலியிலிருந்து உலக உருண்டையையும்
ஓர் ஈர ஜட்டியையும் எடுத்து இடம் கொடுத்தேன்.
ஜெபிப்போமா என்றார்.
கையில் இருந்தவற்றோடே தலைகுனிந்தேன்.
ஆமென் சொல்லி நிமிர்கையில்
உருண்டையில் ஆப்பிரிக்கா நனைந்திருந்தது.

எதிர்வீட்டு அக்கா இன்னும் கேட்கிறாள்,
இன்னைக்கும் ஸ்கூல் லீவா என்று.
ஆமாம் என்கிறேன் சில நாள்.

இன்றைக்குப் பக்கம் காலி.
காரணம் தெரியும்:
பென்சில் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது,
மற்ற ஆறும் எங்கே என்று கேட்காதீர்கள்.
குனிந்தால் மடியில் ஆமோஸ் விழித்துக்கொள்வான்.
நாளைக்கு எழுதுவேன்,
இன்றைய தேதி போட்டு,
நாளைக்கு எழுதியது என்றும் போட்டு.