கொம்பிரெசருக்குப் பத்து வருடம்

இனி வருடத்துக்கு ஒருதரம் வந்தால் போதும், என்றார் டொக்டர்.
கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதும்போது
பேனை கொஞ்சம் நின்று
வேறொரு வருடத்துக்குள் போனது.
சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று விளங்கியது எனக்கு.
யாரோ ஒருவரின் பிறந்தநாளில்
கை தட்டுவதுபோல் சிரித்துவிட்டு வந்தேன்.

மகரகமையில் 138இல் ஏறி யன்னல் கரையில் இருந்தேன்.
பையை நெஞ்சோடு அணைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.
நுகேகொடையில் மழை.
மீதிக் காசைக் கொண்டக்டர் மறந்தான். கேட்கவில்லை.
சத்தியசீலனுக்குச் செய்தி அனுப்பினேன்.
"அப்ப எல்லாம் முடிஞ்சுது",
பின்னால் மூன்று கும்பிடும் கைகள்.

அவருக்கு முடிந்தது. அவர் நித்திரை கொள்கிறார்.
நான் இரவு இரண்டரைக்கு எழும்பிக்
கமக்கட்டைத் தடவிப் பார்க்கிறேன்,
பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்ப்பவள்போல.
முதுகு நொந்தால்
முதுகு நோகிறது என்று மட்டும் நினைக்கத் தெரிந்த ஒருத்தி
முன்பு இந்த உடம்பில் இருந்தாள்.

ஒஃபிசில் சொல்கிறார்கள், உங்களுக்குச் சரியான துணிச்சல் என்று.
மருந்து ஏற்றிய நாட்களில்
கதிரையில் இருந்தேன். அவ்வளவுதான்.
எழும்பி ஓட இடமில்லாத எவரும்
இருந்துகொண்டுதான் இருப்பார்கள்.

பக்கத்துக் கதிரை சந்திரலதாவுடையது.
அவிசாவளையிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வருவாள்.
பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணி,
மூடியில் எனக்கும் ஊற்றுவாள்.
என் சிங்களம் அரைகுறை.
அவளுடைய தமிழ் "வாங்க, இருங்க" மட்டும்.
துளி இறங்கத் தொடங்கும்போது சொல்வாள்:
பய வென்ன எப்பா.
பய.
அவள் சொல்லுக்கும் என் சொல்லுக்கும்
ஒரேயொரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம்.
இந்த ஊரில் முப்பது வருடம் இருந்தும்
அதைக் கண்டுபிடிக்க
எனக்கு நரம்பில் ஊசி வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் சின்னப் பற்பசைதான் வாங்கினேன்.
கலண்டர் வாங்கவில்லை.
மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து மட்டும்
மூன்று அளவு பெரிதாக வாங்கினேன்.
பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு போனாள்.
ஏனென்று கேட்கவில்லை அவள்.
அதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

கிருலப்பனையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன்.
வெள்ளவத்தைக் கடையொன்றில்,
நம்முடைய பழைய பிரிட்ஜ் ஒழுகத் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன,
விலை கேட்கத்தான் போனேன்.
இர்ஷான் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
கதவைத் திறந்து காட்டினான்.
"கொம்பிரெசருக்குப் பத்து வருடம் வொறண்டி, மேடம்."
"பத்தா?"
"பத்து. அதுக்குப் பிறகும் ஓடும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பு போய் மற்றது வந்தது.
விலையைக் கேட்டு அழுகிறேன் என்று நினைத்தான்.
"தவணையில் தரலாம், இருபத்துநாலு மாதம்" என்றான்.
அழுகை கூடியது.
"முப்பத்தாறும் இருக்கு" என்றான், பயந்துபோய்.
ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான், தண்ணீர் தந்தான்.
முப்பத்தாறு மாதத்துக்குக் கையெழுத்து வைத்தேன்.

உத்தரவாத அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் வைக்கும்போது
கடைசிப் பக்கத்தில் அவள் எழுதித்தந்த இலக்கம்.
வெசாக்குக்கு இரண்டுதரம் அழுத்தினேன்,
மணி அடிக்க முதல் வைத்துவிட்டேன்.
எடுப்பது யாராக இருக்குமோ என்று பய.
நாளைக்கு எடுக்கலாம். ஞாயிறு. வீட்டில் இருப்பாள்.
இருந்தால்.

சனிக்கிழமை பிரிட்ஜ் வந்து இறங்கியது.
சத்தமே வராது என்றிருந்தான் பையன். வருகிறது.
இரண்டரைக்கு எழும்பிக் குசினிக்குப் போய்
இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
மகளின் சப்பாத்து வாசலில். இப்போது காலுக்கு இறுக்கம்.
வேறு வாங்க வேண்டும், சரியான அளவில்.
ஐந்து நிமிடம் இருக்கும்,
கமக்கட்டை மறந்துபோயிருந்தேன்.
பிறகு நினைவு வந்தது.
தடவிப் பார்த்தேன்.
போய்ப் படுத்தேன்.