ஏழு இடம், ஒரு நாள்

பதினோரு வருசமாக இந்த வேன்.
முன்கண்ணாடியில் எழுதியிருக்கும்: ஏழு இடம், ஒரு நாள்.
ஏழுக்கும் போயிருக்கிறேன்,
சீட்டுக் கிழிக்கிற இடம் வரைக்கும்.

சிதறாலா, மலைக்குக் கீழே ஒற்றைப் புளியமரம்.
பதினோரு மணிக்கு மேல்
நிழல் பக்கத்து வண்டிக்குப் போய்விடும்.
வட்டக்கோட்டையில் கதவைப் பைய திறக்கணும்,
காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.
மாத்தூர் தொட்டிப்பாலத்தில்
அன்னாசிக்கு மிளகாய்ப்பொடி தூவுகிறவள்
சில்லறை தரமாட்டாள், இன்னொரு துண்டு தருவாள்.
சுசீந்திரத்தில் கல்தூண் பாடுமாம்.
தேர் நிற்கிற முக்கில் எனக்குக் கேட்டதெல்லாம் ஹாரன்.

உதயகிரி, நான் தூங்குகிற இடம்.
கோட்டைக்குள்ளே யாரோ வெளிநாட்டுத் தளபதியின் கல்லறை.
அவரும் தூங்குகிறார், நானும் தூங்குகிறேன்,
நடுவில் ஒரு மதில்.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை பூட்டு.
தெரியாமல் வந்து இறங்குகிறவர்களின் முகம்
எனக்கு மனப்பாடம்.
தமிழ்நாட்டு மண், கேரளத்துச் சாவி,
இவ்வளவுதான் நான் சொல்கிற வரலாறு.

போன மாசியில் விருத்தாசலத்துக் கூட்டம், பதினான்கு பேர்.
அரண்மனைக்குள் போய் அரைமணி ஆகியிருக்கும்.
கொளஞ்சியம்மாள் மட்டும் வெறுங்காலோடு ஓடிவந்தாள்,
ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு.
"அண்ணே, திருகாணி விழுந்துடுச்சி."
தோடு அவளுடையது இல்லை. நாத்தனாருடையது.
நாத்தனாரும் வந்திருக்கிறாள்,
இரண்டாம் வரிசை, ஜன்னலோரம்.
வேறு யாரிடம் சொல்வாள்?

வில்பிரட் ஆகிய நான்
செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கினேன்,
முதல் தடவை.

பூமுகத்தில் தலைக்கு மேல் தொண்ணூறு பூ,
ஒன்றுபோல் ஒன்று இல்லையாம்.
வழிகாட்டி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.
நான் தரையில் இருந்தேன்.
மந்திரசாலையில் சிவப்பாய் ஒன்று மின்னியது.
பாய்ந்து பிடித்தேன்,
ஜன்னல் வழி வந்த வெயில், உள்ளங்கை சிவந்தது.
ஊட்டுப்புரையில் ரெண்டாயிரம் பேர் உண்பார்களாம்.
எனக்குக் கிடைத்தது
ஒரு ஹேர்பின், கடலைத் தோல்,
மார்த்தாண்டத்துப் பஸ் டிக்கெட்.
பரணிகளின் பின்னால் கைவிட்டேன்.
ஊறுகாய் வாசம் இன்னும் இருப்பதாகத் தோன்றியது,
பசியாகவும் இருக்கலாம்.

நவராத்திரி மண்டபத்துத் தரை கறுப்பு.
சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் என்கிறார்கள்.
குனிந்தேன்.
எனக்கு நேர் கீழே ஒருத்தன் முழங்காலிட்டு
தேடிக்கொண்டிருந்தான்.
அவனுக்கும் கிடைக்கவில்லை.

காவலாளி வந்து மலையாளத்தில் கேட்டார், என்ன போயிற்று என்று.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
இத்தனை இடைவெளி காட்டினேன்.
தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு
அவரும் குனிந்தார்.
ஒரு மணிக்கு மணியடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள்,
எங்கள் இரண்டு பேரையும் கடைசியாக.

குலசேகரம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன்.
"என்னண்ணே, டயரா?"
"ஆமா" என்றேன்.
ரப்பர் மரத்துச் சிரட்டையில்
காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலைக் கிள்ளி
மிளகு அளவுக்கு உருட்டிக் கொடுத்தேன்.
தோட்டின் தண்டில் செருகினாள்.
நின்றது.
திற்பரப்பு அருவியில் தலை கொடுத்தபோதும் நின்றதாம்.

நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்,
என் கண்ணாடியில் தெரிந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
மடியிலிருந்த கொய்யாவைக் கடித்து
பாதியைக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டினாள்.

ராத்திரி வண்டியைக் கூட்டும்போது
சீட்டுக்கு அடியிலும் பார்த்தேன். இல்லை.

இப்போதெல்லாம் சவாரி ஏறுகிறவர்கள் கேட்டால்
அரண்மனையைப் பற்றிச் சொல்ல எனக்கும் இருக்கிறது:
நல்ல தரை, நல்ல குளிர்ச்சி.
கறுப்பில் எங்கோ ஒரு திருகாணி கிடக்கிறது,
கண்டால் வந்து சொல்லுங்கள்,
வண்டி வெளியே நிற்கும்.