யூபோனியம் வராவிட்டால் மட்டும்

பாசையூர் மீனவர் சங்கத்துக்கு அறுபது வயது.
விழாவுக்கு எட்டு நிமிட இசை வேண்டுமாம்:
மல்லாரியில் தொடங்கி
வால்ஸில் நடந்து
பைலாவில் முடியவேண்டும்.
தாள் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய்.
பேரம் பேசவில்லை நான்.
மூன்றையும் எங்கே ஒட்டுவது என்று
விரல் அப்போதே மேசையில் தட்டத் தொடங்கிவிட்டது.
தவில் திஸ்ரத்துக்கு இறங்கினால்
வால்ஸ் தானாக எழும்பும்.
வால்ஸின் மூன்றை இரண்டு தரம்
அவசரமாக எண்ணினால், பைலா.

மடிக்கணினியின் கருவிப் பட்டியலில் நாதஸ்வரம் இல்லை.
ஓபோவைத் தெரிவுசெய்து பெயரை மாற்றினேன்.
வாசித்துக் காட்டு என்று அமத்த,
காய்ச்சல்காரத் தாரா ஒன்று
மல்லாரி பாடியது.
தவிலுக்கு அது தந்தது
யாரோ மரப்பெட்டியை உதைக்கிற சத்தம்.
மூடி வைத்துவிட்டுப் பென்சிலைத் தீட்டினேன்.

இணுவில் கேதீசுவரனுக்கு இரண்டரைக் கட்டை.
கோயில் பாண்டுக்கு ஈ பிளாட்.
ஒரே ஆள்தான்,
இரண்டு பெயரில் அடையாள அட்டை.
அந்த ஒன்றை நம்பித்தான் இறங்கினேன்.

ஆனால் கிளாரினெற் பிள்ளைகளுக்கு
அதே சுரத்தை எஃப் என்று எழுதவேண்டும்.
மெலிஸ்ரனின் சாக்ஸபோனுக்கு சி என்று.
ஆளுக்கொரு பொய் எழுதிக் கொடுக்கிறேன்.
சேர்ந்து ஊதினால் உண்மை.

கேதீசுவரனின் தாளில் ஐந்து கோடு இல்லை,
வெறும் ச ரி க ம.
மத்திமத்திலிருந்து வழுக்கி இறங்குகிற இடத்தில்
ஒரு புழுவைக் கீறியிருந்தேன்.
"இந்தப் புழுவை எடுத்துவிடும் தங்கச்சி.
அது எனக்குத் தெரியும்.
எத்தினை தரம் திரும்பவேணும் எண்டதை மட்டும் எழுதும்."
அதே புழு வேணுஜாவின் தாளிலும் இருந்தது.
"மிஸ், இதில மை கசிஞ்சு போச்சுது."

றொசானின் ட்ரொம்போனுக்கு
மல்லாரி முழுதும் முப்பத்திரண்டு அடைப்பு மௌனம்.
எண்ணிக்கொண்டிரு, தவிலைக் கேளாதே,
அது கணக்குக் காட்டி உன்னைக் கூட்டிக்கொண்டு போய்
வேறெங்கேயோ விட்டுவிடும் என்றேன்.
கேட்டான்.
இருபத்தொன்பதில் ஊதினான்.

மூன்றாம் ஒத்திகையில்
வாத்தியத்தின் எச்சில் தண்ணியை வடித்துக்கொண்டே
நிக்சன் சொன்னான்:
"அக்கா, டோகா விசா இந்தக் கிழமை வந்தாலும் வரும்."

எங்கள் ஒரே யூபோனியம்.
அன்றிரவு அவனை மூன்றாக வெட்டினேன்.
அடிச்சுரங்கள் றொசானுக்கு.
வால்ஸின் நடுமெட்டு இரண்டாம் கிளாரினெற்றுக்கு.
பைலாவில் தாளத்துக்கு இடையில் குதிப்பவை
மெலிஸ்ரனுக்கு.
எல்லாம் பாதி அளவுச் சுரங்கள்,
மற்றவர் வரிக்கு இடைஞ்சல் இல்லாமல்
ஓரத்தில் ஒதுங்கி நிற்பவை.
மேலே எழுதினேன்:
யூபோனியம் வராவிட்டால் மட்டும் வாசிக்கவும்.

சுண்டிக்குளியில் போட்டோக்கொப்பிப் பெடியன்
கடதாசி மிச்சம் பிடிக்க
எல்லாவற்றையும் சிறுப்பித்து அடித்துத் தந்தான்.
சின்னச் சுரங்கள் கடுகாயின.
மேலே எழுதியிருந்ததோ
எறும்பு போன தடம்.

விழாவன்று நிக்சன் வந்தான்,
வெள்ளைச் சட்டை, விசா இன்னும் இல்லை.
எனக்குச் சந்தோசம்.
யாரிடமும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

வால்ஸ் தொடங்கி எட்டாம் அடைப்பில்
ஏதோ கனத்தது.
நனைந்த வலையை இழுப்பதுபோல
அடியிலிருந்து மெதுவாக ஏறியது.
அவன் ஊதினான்.
அவனை றொசானும் ஊதினான்.
வேணுஜா ஊதினாள்,
அவளுக்குப் பின்னால் மெலிஸ்ரன்.
ஒருத்தரும் விடவில்லை, பைலா முடியும்வரை.
எனது கணக்கில் அது பிழை,
மெட்டை மூடிவிட்ட பிழை.
சங்கத் தலைவர் மேடையால் இறங்கி வந்து
அந்த இடம்தான் திறம், பிள்ளை என்றார்.

கதிரைகளை அடுக்கும்போது நிக்சன் கேட்டான்:
"என்ர வரி ஏன் எல்லாரிட்டயும் இருக்குது?"

பதிலுக்கு றொசானின் தாளை நீட்டினேன்.
அவன் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தான்,
அந்தக் கடுகை வாசிக்க.