திறை

தும்பை சூடிப் போருக்குப் போகலாம்,
வாகை சூடித் திரும்பலாம்.
தோற்றபின் தவணை கட்டுகிறவர்கள் சூட
நம் இலக்கணத்தில் பூ இல்லை.
ஃபின்லாந்தின் துர்க்கு நகரில்
அது மரத்தூளாகத் தலையில் படிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, மார்ச்.
ஔரா ஆற்றில் பனி இன்னும் உடையவில்லை.
கட்டுத்துறையில் பைன்மரக் கப்பல்கள்
விலா எலும்பு தெரிய நின்றன.
முந்நூறு மில்லியன் டாலர்.
கப்பலாய்க் கொடு, ரயிலாய்க் கொடு, கம்பிவடமாய்க் கொடு.
தாமதித்தால் மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து அபராதம்.
இத்தனை கப்பல்களை ஒருபோதும் கட்டியிராத நாடு
வென்றவனுக்காகக்
கட்டக் கற்றுக்கொண்டது.

சைமி கொக்கோ அங்கே மொழிபெயர்ப்பாளர்.
சோவியத் பரிசோதகர் யெர்மலாயெவ்
பலகையைச் சுத்தியலால் தட்டுவார்,
காதை வைப்பார், ஒரு சொல் சொல்வார்.
"கணு இருக்கிறதாம்" என்பாள் அவள்.
பலகை கழற்றப்படும்.
ஒரே நாளில் பதினொரு கணு.
பதினொரு முறை
அவள் வாய் வழியாகவே அவள் நாடு தள்ளுபடி ஆனது.

"ரஷ்யமொழி எங்கே படித்தாய்?"
"குர்க்கியோகியில்."
அந்த ஊர் இப்போது அவர் வரைபடத்தில் இருந்தது.
இரண்டு பேரும்
சிகரெட் தீரும்வரை பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்மாடிக்காரி
அவள் பேச்சின் இழுவையைக் கேட்டு
"ரஷ்யக்காரி" என்றாள்.
ரஷ்யர் வருகிறார்கள் என்று
ஒரு பசுவோடும் தையல் இயந்திரத்தோடும் ஓடி வந்தவளை.
பசு வழியில் செத்தது.
இயந்திரம் ஓடுகிறது.

அதில்தான் கணவனின் ராணுவக் கோட்டைப் பிரித்துத் தைத்தாள்.
பித்தளைப் பொத்தான்களை அறுத்துவிட்டு
எலும்புப் பொத்தான் வைத்தாள்.
அதைப் போட்டுக்கொண்டு அவன் ஆலைக்குப் போனான்.
போரைப் பற்றி அவன் பேசியது தூக்கத்தில் மட்டும்.
அதை அவள் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அங்கே நாட்டை ஒரு பெண் என்பார்கள்,
வரைபடத்தில் இரண்டு கைகளையும் தூக்கி நிற்பவள்.
மகன் ரைமோ ஒரு கைதான் வரைந்திருந்தான்.
"இன்னொரு கை எங்கேடா?"
"டீச்சர் ஒன்றுதானே வரைந்தார்!"
அவன் எதையும் இழக்கவில்லை.
அவனுக்கு நாடு பிறவியிலேயே அப்படி.
சைமி பென்சிலை வாங்கினாள்.
அவளுடைய பாவாடை கிழிந்துபோன கிழக்கு ஓரத்துக்கு வெளியே
ஒரு புள்ளி வைத்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ரப்பரால் அழித்தாள்;
நாளை அதற்கு மதிப்பெண் உண்டு.

ஐம்பத்திரண்டு செப்டம்பரில்
கடைசிச் சரக்கு ரயில் எல்லையைக் கடந்தது.
கடன் தீர்ந்தது.
பங்கீட்டுக் காப்பியைக் கொஞ்சம் திக்காகப் போட்டுக் குடித்தார்கள்.
குடித்து முடித்ததும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்:
இனி யாருக்குக் கட்டுவது?

அக்டோபரில் யெர்மலாயெவ் வந்தார்.
அதே தோல் தொப்பி, அதே சுத்தியல்.
இந்த முறை காசோடு.

பலகையைத் தட்டினார். கணு என்றார்.
மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு
எட்டு வருடமாகத் தொண்டையில் கிடந்த சொல்லைச் சொன்னார்:
"முடியாது."

சைமி வாயைத் திறந்தாள்.
இழைப்புளிகள் நின்றிருந்தன.
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் எல்லைக் காடு
முழுவதும் காது கொடுப்பதுபோல் இருந்தது.
ரஷ்யமொழியில் சொன்னாள்:
"பார்க்கலாம்."

மேலாளருக்கு அந்த மொழி தெரியாது என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தாள்.
அவர்
மெதுவாகத் தலையசைத்தார்.