பாலத்தின் பாதி

ஜனவரி முதலாம் திகதி, காலை ஐந்து நாற்பது.
கல்லடிப் பழைய பாலத்தில் கால் வைத்தேன்.
புதுச் சப்பாத்து, மேகலா வாங்கித் தந்தது.
கிளினிக் அட்டையில் இருநூற்றுப் பதினாலு என்று எழுதி
இரண்டு தரம் கோடிழுத்திருந்தார் டொக்டர்.
சோற்றைக் குறைக்கிறேன், பாணை விடுகிறேன் என்று
நான் சொன்னது எதையும் அவர் நம்பவில்லை.
"நட" என்று மட்டும் எழுதினார்.

பாலத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம்.
வருசம் பிறந்தால் ஊரே மெலிய நினைக்கிறது.
காதில் வயரோடு மூன்று பெடியன்கள்,
வங்கி மனேஜரும் மனைவியும், பேசாமல், வேகமாக.
முதல் தடவையாக வெளியில் காற்சட்டை போட்ட
ஓய்வுபெற்ற தபால் அதிபர்
மழையில்லாத வானத்துக்குக் குடை பிடித்து வந்தார்.
கீழே வாவி நிறைந்து கிடந்தது.
ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாய்
முகத்துவாரம் பார்த்துப் போனது,
ஒரு தீர்மானமும் எடுக்காமல்.

நடுப்பாலத்தில் கண்டேன்.
எதிர்ப்பக்கமிருந்து, கையை வீசி,
வெள்ளை பெனியனில் அழகரெத்தினம் அண்ணன்.

போன ஆவணியில் என் போட்டோக்கொப்பி மெஷினுக்கு
நாற்பதினாயிரம் தந்தவர்.
"கார்த்திகைக்குள்ள தந்திருவன்" என்றவன் நான்.

சப்பாத்துக் கயிறு அவிழ்ந்த மாதிரிக் குனிந்தேன்.
குனிந்தபடியே திரும்பினேன்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குப் போனேன்.
ஐந்து மணிக்கு அவரும் வந்தார்.
நாலரைக்குப் போனேன்.
வலைக்காரரின் தோணி விளக்குகள் தவிர ஒன்றுமில்லாத இருட்டில்
தூரத்தே ஒரு டோர்ச் ஆடி ஆடி வந்தது.
அந்த நடை எனக்குத் தெரியும்.
அந்தக் காசும் அப்படித்தான் என்னிடம் நடந்து வந்தது.

பிறகு பாதிப் பாலம்தான் என் வழக்கம்.
பாதி போய்ப் பாதி வந்தால் முழுப் பாலம்தானே
என்று கணக்குப் பார்த்தேன்.
மாசிக் கிளினிக்கில் இருநூற்றாறு.
இரத்தத்துக்குக் கணக்குத் தெரியும் போல.

தைப்பொங்கலோடு கூட்டம் குறைந்தது.
மனேஜர் காரில் போனார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
தபால் அதிபர் திரும்பவும் சாறனில், சந்தியில், பேப்பரோடு.
ஒரு கிழமையாக டோர்ச்சும் வரவில்லை.
பாலம் முழுக்க எனக்கு.
அந்தம் வரை போனேன். காற்று நன்றாய்த்தான் இருந்தது.
பயப்பட ஆளில்லாததால்
கால் தானாகவே மெதுவாகி, நின்றுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பாலத்தோடு நிற்கவில்லை.
அரசடி தாண்டி, உள் ஒழுங்கை, பச்சைக் கேற்.
சட்டைப்பையில் ஏழாயிரம்,
கரண்ட் பில்லுக்கு வைத்தது.

அண்ணன் கதிரையில் இருந்தார்,
கணுக்காலில் பந்தம்பந்தமாய்த் துணி சுற்றி,
தேத்தண்ணிக்குள் மாரி பிஸ்கட்டைத் தோய்த்தபடி.

"நடக்கிறியா இன்னும்?" என்றார்.
நான் காசை நீட்டினேன்.
அவர் அதைப் பார்க்காமல் சிரித்தார்.
"இந்த வருசம் ஆரிட்டயும் காசு கேட்டு
வாய் வைக்கிறதில்லை எண்டு நேர்ந்தனான்.
உன்னைக் கண்டா கேட்டுப்போடுவன்.
அதான் நேரத்தை மாத்தினன்.
மறுகா நீயும் மாத்துறாய், நானும் மாத்துறன்.
இருட்டுக்க ஓடித்தான் பள்ளத்தில காலை வைச்சன்."

பிறகு எண்ணினார். இரண்டு தரம்.
"மிச்சத்தைச் சித்திரைக்குத் தா.
நமக்கென்ன, வருசம் இன்னொருக்காப் பிறக்கும்தானே.
கைவிசேசம் எண்டு ஐம்பது ரூபாயை நீட்டி
ஏமாத்திப்போடாத."

உள்ளேயிருந்து எனக்கும் தேத்தண்ணி வந்தது.
மூன்று கரண்டி சீனி இருக்கும்.
வேண்டாம் என்று சொல்ல
அன்று எனக்கு வாயில்லை. குடித்தேன்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது.
பாலம் நீளமாய்க் கிடந்தது.
மிச்சம் முப்பத்து மூவாயிரம்.
இடது சப்பாத்தின் குதி
ஒரு பக்கமாய்த் தேயத் தொடங்கியிருந்தது.