அட்டையில் இல்லாத கட்டம்

ஷிரே ஆறு வடிந்து ஒரு வாரம்.
அச்சடித்த அட்டையில் இந்த ஊசிக்கு இடமில்லை;
புது அட்டை லிலோங்வேயிலிருந்து
வந்துகொண்டே இருக்கிறது.
ஸ்கேல் வைத்து நீலப் பேனாவால்
நானே கோடு கிழிக்கிறேன்,
நாலு கட்டம்.

அடுத்து ஃபலேசி.
முதுகில் ஐந்து மாதக்காரி,
இடுப்பு முடிச்சில் இரண்டு அட்டை.
தவறி முதலில் நீட்டியது மூத்தவனுடையது.
தட்டம்மை வரை எல்லாம் போட்டிருந்தது.
பிறகு மழைக்காலம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மாற்றித் தந்தாள்.

வீறிட்டது பிள்ளை.
"கொசு இப்படிக் கத்தவைக்காது" என்றாள்,
சிரிக்காமல்.
வலையை அவிழ்த்துவிடாதே என்றேன்.

"நாலாவது எப்போது?"
"இவள் ஓடத் தொடங்கிய பிறகு."

கடைசிக் கட்டத்தை
விரலால் தொட்டுப் பார்த்தாள்,
மை காய்ந்துவிட்டதா என்று.